வயித்துப்புண் மாத்திரை

அத்தியாயம் 14

டாக்டர் ஃபஹ்மிதா போன் செய்து இன்றோடு ஆறு நாள். அந்த ஆறு நாளும் செம்மொழி ஒரே ஒரு வேலையைத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தாள். அப்பாவின் எதிரில் உட்கார்ந்து, "உங்களுக்கு வந்திருக்கிறது வயித்துப்புண் இல்லைப்பா" என்று சொல்ல வேண்டும். ஒரு வாக்கியம்தான். அதற்கு வாய் வரவில்லை.

அந்த வீட்டில் ஐந்து வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் பொய்யை வாரா வாரம் வருகிறவர்கள் அறிவார்கள். இன்றைக்குப் புதிதாக வந்து உட்காருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ரெண்டரை ஏக்கர் வைத்துப் பாடுபடும் முருகையனுக்குக் குடலில் கட்டி. சாதாரணக் கட்டி இல்லை, புற்றுநோய். ஆபரேஷன் ஆயிற்று. முதல் மாத்திரை மூன்று வருஷம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை. இரண்டாவது ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. மூன்றாவதும் கேட்கவில்லை என்று மார்கழியில் எடுத்த ஸ்கேன் சொல்லிவிட்டது. முருகையனுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவர் கணக்கில் அது வயித்துப்புண், பொல்லாத வயித்துப்புண், பட்டினி கிடந்த காலத்தில் உள்ளே வந்து உட்கார்ந்தது.

பொய்யை ஆரம்பித்தது அவர் மனைவி வேம்பு. அவளைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. அவளுடைய அண்ணன் துரைராசுவிடம் ஒரு டாக்டர் முகத்துக்கு நேரே வியாதியின் பெயரைச் சொன்னார். அவர் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்தவர், ஒரு வாய்ச் சோறு இறக்காமல் ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தார். வியாதி கொல்லவில்லை, வார்த்தைதான் கொன்றது என்று வேம்பு இன்றைக்கும் சத்தியம் செய்வாள்.

ஆரம்பித்தது அம்மா என்றால், அழகாகக் கட்டிக் காத்தது மகள். செம்மொழி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். டப்பாவில் வரும் மாத்திரைகளைக் கொட்டி, வாரத்துக்கு இருபத்தெட்டு என்று எண்ணி, தன் ஆஸ்பத்திரியில் தருகிற மாதிரியே வெள்ளைக் காகிதக் கவரில் போடுவாள். மேலே முத்து முத்தாக எழுதுவாள்: 'வயித்துப்புண். காலை சாப்பாட்டுக்குப் பின் 4.' டாக்டரிடம் போய், "அப்பாவுக்கு எல்லாம் தெரியும் மேடம், ஆனா அவர் முன்னால அந்த வார்த்தையை மட்டும் சொல்லாதீங்க" என்று ஒரு துணைப் பொய்யும் சொல்லி வைத்திருந்தாள். ரெண்டு பக்கமும் அணை போட்டாயிற்று என்று நிம்மதியாக இருந்தாள்.

அந்த நேரத்தில்தான் புது மருந்துச் செய்தி வந்தது. கடைக்கு இன்னும் வராத மருந்து. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அதை ஆராய்ச்சியில் வைத்திருக்கிறது. இருக்கிற மருந்து எல்லாவற்றையும் முழுசாகச் சாப்பிட்டுப் பார்த்தும் கேட்காதவர்களுக்கு, ஆராய்ச்சியிலும் சேர வழியில்லாதவர்களுக்கு, டாக்டர் எழுதிக் கேட்டால் கருணை பார்த்து அனுப்புவார்கள். ஃபஹ்மிதா எழுதினார், நாலு முறை எழுதினார். கம்பெனி சரி என்றது. டெல்லியிலிருந்து அனுமதியும் வந்துவிட்டது.

"இன்னியோட பழைய மாத்திரையை நிறுத்திடுங்க. மிச்சம் இருக்கிறதை எடுத்துட்டு வியாழக்கிழமை வாங்க" என்றார் போனில். "அப்பா கேமரா முன்னால உட்கார்ந்து சம்மதம் சொல்லணும். என்ன வியாதி, இது எப்படிப்பட்ட மருந்து, எல்லாத்தையும் அவரே அவர் வாயால சொல்லணும். அவருக்குத்தான் தெரியுமே, ஒண்ணும் சிரமம் இருக்காது."

வியாழக்கிழமை விடிந்துவிட்டது.

"சொல்லிட்டியா?" அடுப்படியிலிருந்து வேம்பு கேட்டாள்.

"இல்லம்மா. பஸ்ல சொல்லப் போறேன்."

"பஸ்லயும் சொல்லாத, அங்க போயும் சொல்லாத. வேணும்னா நான் வந்து அந்த டாக்டரம்மா கால்ல விழறேன்."

"கால்ல விழுற சமாச்சாரம் இல்ல இது. அவரு வாயால அந்தப் பேரைச் சொல்லணும்மா."

வேம்பு கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. "அவரை அப்படிச் சொல்ல வைக்கிறதுக்கா உன்னை மருந்துக்குப் படிக்க வச்சாரு?" என்றாள்.

செம்மொழி உள்ளே போய் மாத்திரைக் கவரைத் தேடினாள். ஆறு நாளைக்கு முன்னால் நிறுத்தும்போது பிரிக்காத கவர் ஒன்று மிச்சம் இருந்தது, அவளே எண்ணிப் போட்டது. பீரோவின் மேல்தட்டில், ரேஷன் கார்டுக்கு அடியில்தான் எப்போதும் இருக்கும். ரேஷன் கார்டு இருந்தது. கவர் இல்லை.

"அப்பா, அந்த மிச்ச மாத்திரை எங்க?"

முருகையன் வாசலில் வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஆறு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார், சட்டை தோளில் நிற்கவில்லை. "அது தீர்ந்து போச்சு பாப்பா. பஸ்ஸுக்கு நேரமாகுது பாரு" என்றார்.

"எப்படித் தீரும்? நிறுத்தச் சொன்னாங்கல்ல?"

"வந்து தேடுனா ஆச்சு. நாளைக்கு அறுப்பு மிஷின் வருது, நான் சாயங்காலம் வீட்ல இருக்கணும்."

பேச்சை மாற்றுகிறார் என்று பட்டது. நிறுத்தச் சொன்ன பிறகும் தின்றுகொண்டிருந்தாரோ, புது மருந்து கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிடுவார்களோ என்று அவளுக்குள் ஒரு பயம் கிளம்பியது. அதைக் கேட்கப் போகும்போதுதான் ஐயாவு ரெண்டு இளநீரோடு வந்து நின்றார்.

ஐயாவு யார் என்று கேட்டால் முருகையன் சிரிப்பார். ஒரே தெருவில் பிறந்து, ஒரே பண்ணையில் ரெண்டு பேரும் மாடு மேய்த்து, ஒரே வருஷம் மண்வெட்டி பிடித்தவர்கள். ஒருவர் வாங்கிய டீ மற்றவர் டம்ளரில் பாதி விழாமல் இந்த ஐம்பது வருஷத்தில் குடிக்கப்பட்டதில்லை. வேம்புவுக்கு அவர் அண்ணன் முறை, செம்மொழிக்கு மாமா.

"வழியில சீவிக் குடிங்கம்மா. அவன் வயித்துக்கு நல்லது" என்று ஐயாவு இளநீரை நீட்டினார்.

செம்மொழி வாங்கப் போனவள், அவருடைய உள்ளங்கையைப் பார்த்தாள். சிவந்து, தடித்து, விரல் மடிப்பில் தோல் வெடித்து உரிந்திருந்தது. அப்பாவின் கை நாலு மாதமாக இப்படித்தான் இருக்கிறது. அந்த மாத்திரை செய்கிற வேலை அது. இரவானால் அவள்தான் அந்தக் கைக்குக் களிம்பு தடவிவிடுகிறாள்.

"மாமா, கையில என்ன?"

"யூரியா அள்ளிப் போட்டது. உங்கப்பனுக்கும் அதேதான். வயசாச்சுல்ல, தோல் தாங்க மாட்டேங்குது."

அவள் அப்பாவைப் பார்த்தாள். முருகையன் தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தஞ்சாவூர் பஸ்ஸில் மன்னார்குடி தாண்டும் வரை செம்மொழி எதையும் கேட்கவில்லை. ரெண்டு பக்கமும் சம்பா பழுத்துக் கிடந்தது. முருகையன் ஒவ்வொரு வயலையும் பார்த்து, இது இந்த வாரம் அறுக்கணும், இது தண்ணி வடியாமல் சாய்ந்து போச்சு என்று தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தார். கேட்காமலே போய்விடலாமா என்றுகூட அவள் நினைத்தாள். தெரியாவிட்டால் நடக்காத மாதிரிதானே. இந்த வீட்டில் அப்படித்தானே பழக்கம்.

"அப்பா, ஐயாவு மாமாவுக்கு உங்க மாத்திரையைக் குடுத்தீங்களா?"

முருகையன் பிடிபட்ட பிள்ளை மாதிரி சிரித்தார். "உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தோம், நீ சத்தம் போடுவேன்னு. அவனுக்கும் வயித்துப்புண் பாப்பா. ராத்திரியெல்லாம் எரியுதுங்கிறான். ஆஸ்பத்திரிக்கு வாடான்னா வரமாட்டான். நீயே உன் கையால எழுதி வச்சிருக்க, வயித்துப்புண்ணுன்னு. அப்புறம் என்ன, எனக்கு ரெண்டு, அவனுக்கு ரெண்டு."

"எத்தனை நாளா?"

"ஆரம்பத்துலேருந்தேதான். நீ புது மாத்திரை மாத்துனியே, ஐப்பசிக்கு முன்னால."

"நாலு மாசமா நீங்க ரெண்டு மாத்திரைதான் சாப்பிட்டிருக்கீங்களா?"

"ரெண்டு போதும் பாப்பா. நாலு ரொம்பச் சூடு." அவர் குரலைத் தாழ்த்தினார். "போன வாரம் நிறுத்தச் சொன்னீங்களா, அந்தக் கவர் வீணாப் போகுமேன்னு அவன்கிட்டயே குடுத்துட்டேன். ரெண்டுல ஒண்ணும் கேக்கலடாங்கிறான். சரி, கவர்ல நாலுன்னுதானே போட்டிருக்கு, நாலாப் போட்டுக்கன்னு சொன்னேன்."

பஸ் ஆடியது. செம்மொழி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பயம் என்றால் அவளுக்கு இத்தனை நாள் தெரிந்த பயம் ஒன்றுதான், அப்பா போய்விடுவார் என்பது. இப்போது அதோடு இன்னும் ரெண்டு சேர்ந்துகொண்டது. மாத்திரை கேட்காமல் கட்டி வளர்ந்ததா, பாதி மாத்திரை தின்றதால் வளர்ந்ததா? முழுசாகச் சாப்பிட்டும் கேட்கவில்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட்டு எழுதினதால்தானே புது மருந்தே வந்தது? இது தெரிந்தால் கம்பெனிக்காரன் என்ன சொல்வான்? இதெல்லாம் ஒரு பக்கம். புண் உள்ள வயிற்றில் அந்த மாத்திரை என்ன செய்யும் என்று அவள் படித்திருக்கிறாள். ரத்தம் கசிய வைக்கும்.

ஆறு நாள், நாலு நாலாக. இருபத்துநாலு போயிருக்கும். இன்றைக்குக் காலையில் மிச்சம் நாலு.

அவள் அப்பாவுக்குக் கேட்காதபடி திரும்பிக்கொண்டு அம்மாவுக்குப் போன் போட்டாள். "அம்மா, உடனே ஐயாவு மாமாவைப் போய்ப் பாரு. அவருகிட்ட நான் எழுதின கவர் ஒண்ணு இருக்கும், அதுல மாத்திரை இருந்தா வாங்கிடு. ஒண்ணுகூட சாப்பிடக் கூடாது. ஏன்னு கேக்காத, போ."

அரை மணி கழித்து வேம்பு கூப்பிட்டாள். "அண்ணன் வீட்ல இல்லடி. மிஷின்காரனைப் பாத்துட்டு அப்படியே மேலக்காட்டுக்குப் போயிருக்காராம். போனையும் எடுக்கல. கவர் அடுப்படியில கிடந்துச்சு."

"உள்ள எத்தனை இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. வெறும் கவரு."

தஞ்சாவூரில் இறங்கி ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டு. அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, சிங்கப்பூரில் இருக்கும் தம்பி இளவழகனுக்கு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

"அக்கா, இதை டாக்டர்கிட்ட மூச்சு விடாத."

"எப்படிடா?"

"முழுசா சாப்பிட்டாருன்னு சொல்லு. நாலு தடவை எழுதிப் போராடி வாங்கின மருந்துக்கா அது. பழைய மாத்திரையவே இன்னொரு தடவை ஒழுங்கா சாப்பிடுங்கன்னு அனுப்பிட்டா? அதுவரைக்கும் அப்பா இருப்பாரா? ஐயாவு மாமாவை நாம தனியா பாத்துக்கலாம். நான் பணம் அனுப்பறேன்."

தப்பு என்று தெரிந்தது. ஆனால் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்களும் நானும் அந்த இடத்தில் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்போமோ, யார் கண்டது.

டாக்டர் ஃபஹ்மிதாவின் அறையில் மேஜை மேல் ஒரு சின்னக் கேமரா. அதன் மண்டையில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஃபஹ்மிதா நாகூர்ப் பக்கத்துப் பெண், நிதானமான பேச்சு. முருகையனுக்கு அவரைப் பிடிக்கும்.

"ஐயா, பயப்படாம சொல்லுங்க. உங்களுக்கு என்ன வியாதி?"

"வயித்துப்புண்ணும்மா" என்றார் முருகையன், பளிச்சென்று.

ஃபஹ்மிதா செம்மொழியைப் பார்த்தார். செம்மொழி தரையைப் பார்த்தாள். டாக்டர் கையை நீட்டிக் கேமராவை நிறுத்தினார்.

"இத்தனை நாளா என்கிட்ட என்ன சொன்னீங்க?" கோபத்தைவிட வருத்தம்தான் அந்தக் குரலில் இருந்தது. "நான் வேணா சொல்லட்டுமா?"

"வேண்டாம் மேடம். நானே சொல்றேன்."

"அரை மணி நேரம். அப்புறம் வாங்க."

முருகையன் ஒன்றும் புரியாமல் பின்னாலேயே வந்தார். வெளியே டீக்கடைப் பக்கம் ஒரு சிமெண்டு பெஞ்சு. செம்மொழி ஒரு டீ வாங்கினாள். அவர் கடைக்காரரிடம் இன்னொரு காலி டம்ளர் கேட்டு வாங்கி, பாதியை ஆற்றி அவளிடம் நீட்டினார். கேட்காமலே வருகிற பழக்கம்.

"என்ன பாப்பா, தப்பா சொல்லிட்டேனா?"

"இல்லப்பா. நான்தான் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்." அவள் டம்ளரைப் பெஞ்சில் வைத்தாள். "உங்களுக்கு வயித்துப்புண் இல்லப்பா. கேன்சர்."

முருகையன் டீ டம்ளரை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"எப்பலேருந்து?"

"அஞ்சு வருஷமா."

"ஆப்பரேசன் பண்ணுனது அதுக்குத்தானா?"

"ஆமாம்பா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தம்பிக்கு?"

"தெரியும்."

எனக்கு மட்டும்தான் தெரியாதா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது. அவர் முகம் பயத்தில் வெளுத்துக்கொண்டே போவதை அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா துரைராசுவின் முகம் நினைவுக்கு வந்தது. அம்மா சொன்னதுதான் சரியோ, தானே கொன்றுவிட்டோமோ என்று அவளுக்குத் தோன்றியது.

"செத்துருவேனா பாப்பா?"

"தெரியலப்பா. இந்தப் புது மருந்து கேட்டா நாள் கிடைக்கும். கேக்காமலும் போகலாம். யாருக்கும் தெரியாது, அதான் கையெழுத்துக் கேக்கிறாங்க."

அவர் தலையை ஆட்டினார். தோள்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஏதோ தட்டுப்பட்ட மாதிரி நிமிர்ந்தார்.

"அப்ப ஐயாவுக்கு?"

"அவருக்கு அந்த வியாதி இல்லப்பா."

"அதில்ல. நான் குடுத்தது?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"விசத்தையா பாப்பா குடுத்தேன் அவனுக்கு?"

"உங்களுக்கு மருந்து. அவருக்கு..." அவள் பேச்சை மாற்றினாள். "அம்மா அவரைத் தேடிட்டிருக்கு. இன்னிக்கே திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுவோம். நான் பாத்துக்கிறேன். ஆனா நீங்க ஒண்ணு செய்யணும்பா. உள்ள போனா, கடைசி மாத்திரையை முழுசா சாப்பிட்டீங்களான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லுங்க."

"நாலுமா?"

"நாலும். இல்லேன்னா புது மருந்து கைவிட்டுப் போனாலும் போயிடும்பா."

முருகையன் மிச்ச டீயைக் குடிக்காமல் பெஞ்சில் வைத்தார். எழுந்து முன்னால் நடந்தார்.

சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது.

"உங்களுக்கு என்ன வியாதிங்கய்யா?"

"கேன்சரும்மா." அந்த வார்த்தை அவர் வாயில் பழக்கமில்லாமல் வந்தது. "குடல்ல."

"நாங்க குடுக்கப் போறது இன்னும் ஆராய்ச்சியில இருக்கிற மருந்து. பலன் தரலாம், தராமலும் போகலாம். புதுசா தொந்தரவு வரலாம். வேண்டாம்னு எப்ப வேணாலும் நீங்க சொல்லலாம். புரியுதுங்களா?"

"மக சொல்லுச்சும்மா. புரியுது."

"பயமா இருக்கா?"

"இருக்கும்மா" என்றார் முருகையன். "ரொம்ப இருக்கு."

ஃபஹ்மிதா அவர் கையைத் தொட்டுவிட்டு, அடுத்த தாளைப் புரட்டினார். என்ன கேள்வி வரும் என்று செம்மொழிக்குத் தெரியும்.

"கடைசியா குடுத்த மாத்திரை. தினம் நாலு. நாலு மாசமும் விடாம நீங்கதான் சாப்பிட்டீங்களா?"

முருகையன் மகளைப் பார்த்தார். அவள் கண்ணால் கெஞ்சினாள். அஞ்சு வருஷம் பொய் சொல்லிக் காப்பாற்றியவள், இன்னும் ஒரே ஒரு பொய் கேட்டாள். அவர் கேமராவின் பக்கம் திரும்பினார்.

"இல்லம்மா. ரெண்டு நான் சாப்பிட்டேன். ரெண்டு என் சிநேகிதன் ஐயாவுக்குக் குடுத்தேன்."

ஃபஹ்மிதாவின் பேனா நின்றது.

"அப்பா" என்றாள் செம்மொழி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இரு பாப்பா. நாலும் நானே தின்னேன்னு இங்க எழுதிட்டா, அவன் என்ன தின்னான்னு நாளைக்கு எந்த டாக்டர் நம்புவாங்க? அவன் வயித்துக்குள்ள போனது யாருக்குத் தெரியும்?" முருகையன் கை கூப்பினார். "எனக்குக் குடுக்கிறதும் குடுக்காததும் உங்க இஷ்டம்மா. அவனுக்கு என்ன பண்ணணும்னு மொதல்ல சொல்லுங்க. கவர்ல வயித்துப்புண்ணுன்னு இருந்துச்சு. அவனுக்கும் வயித்துப்புண்ணு."

டாக்டரின் முகம் மாறியது. "உண்மையிலேயே புண் இருக்கா அவருக்கு?"

"எரியுதும்பான்மா, ரொம்ப வருஷமா" என்றார் முருகையன்.

"எத்தனை சாப்பிட்டாரு?"

செம்மொழிதான் பதில் சொன்னாள். "நாலு மாசம் தினம் ரெண்டு. இந்த ஒரு வாரம் நாலு. இன்னிக்குக் காலையிலயும்."

ஃபஹ்மிதா கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "உங்க மருந்து விஷயத்தை நான் கம்பெனிக்கு எழுதித்தான் ஆகணும். மறைக்க முடியாது. அவங்க என்ன சொல்லுவாங்கன்னு எனக்கே தெரியாது. இன்னிக்குக் கையெழுத்து வேண்டாம். முதல்ல அவருக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

காலையிலிருந்து எடுக்காத போன். முருகையன் தன் பழைய போனை எடுத்து, உரிந்த விரலால் பொத்தானை அழுத்தி அழுத்திக் கூப்பிட்டார். முதல் தடவை அடித்து ஓய்ந்தது. இரண்டாவது தடவை எடுத்தது. பின்னால் அறுப்பு மிஷின் சத்தம்.

"என்னடா, ஊசி போட்டாச்சா?" ஐயாவுவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி கேட்டது. "மிஷின்காரன் இன்னிக்கே வந்துட்டான்டா. உன் வயல்லதான் நிக்கிறேன்."

"ஐயாவு, எங்கியாவது உக்காரு."

"உக்காந்துதான் இருக்கேன். ஒரு மாதிரி கிறுகிறுங்குது. வெயிலு."

"டேய், எனக்குக் கேன்சராம்டா." முருகையனுக்குக் குரல் உடைந்தது. "அந்த மாத்திரை அதுக்குள்ளதாம். எனக்குத் தெரியாதுடா. சத்தியமாத் தெரியாது."

மறுபக்கம் மிஷின் மட்டும் ஓடியது.

ஃபஹ்மிதா போனின் பக்கம் குனிந்தார். "ஐயா, நான் டாக்டர் பேசறேன். வயிறு வலிக்குதா? வெளிக்குப் போறது என்ன நிறத்துல போகுது?"

பதில் வந்தது, டாக்டருக்கு இல்லை, முருகையனுக்கு. "மூணு நாளா கறுப்பாத்தான்டா போவுது, தார் மாதிரி. உன்கிட்ட சொன்னா நீ பயந்துக்குவியேன்னு சொல்லல."

செம்மொழிக்கு அது புதிய வாக்கியம் இல்லை. அஞ்சு வருஷமாக அவள் வீட்டில் எல்லோரும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கறுப்பு என்றால் உள்ளே ரத்தம் என்று அவளுக்குத் தெரியும். ஃபஹ்மிதா அதற்குள் மேஜைப் போனை எடுத்து, 108-ஐக் கூப்பிட்டு, எந்த ஊர், எந்த வயல் என்று செம்மொழியிடம் கையால் கேட்டார். அவள் சொன்னாள்.

"ஐயாவு, அங்கேயே இரு. நடக்காத" என்றார் முருகையன். "வண்டி வருது. கேக்குதா?"

பதில் இல்லை.

"ஐயாவு."

மேஜையில் சம்மதப் படிவம் விரித்தபடி கிடந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடம் காலியாக இருந்தது. முருகையன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. போனை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "டேய், இருக்கியாடா? இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லுடா" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். போனில் மிஷின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.